கம்பெனி செட்டா, வெளியில் போடுவதா? காருக்குள் ஒளிந்திருக்கும் ஒலி அதிசயங்கள் தெரியுமா?

ஆற்காட்டிலோ ஆரணியிலோ கார் டெக்கர் கடைக்குள் நுழைந்தால் சுவரோரம் அடுக்கியிருக்கும் ஆடியோ செட் பெட்டிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கம்பெனி வேறு, விலை வேறு, பெட்டியின் நிறம் வேறு. ஆனால் பெரும்பாலான பெட்டிகளில் ஒரே ஓர் எண் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும்: 50 வாட், நான்கு ஸ்பீக்கருக்கு! ஒன்றோடொன்று போட்டி போடும் கம்பெனிகளுக்கு எப்படி ஒரே எண் வந்தது தெரியுமா?

எந்தக் கம்பெனியும் அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதைத் தேர்ந்தெடுத்தது உங்கள் கார் பேட்டரி! இன்ஜின் ஓடும்போது காரில் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட். சாதாரண கார் ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். 14.4-ஐ அதாலேயே பெருக்கி 4-ஆல் வகுத்துப் பாருங்கள், 51.84 வரும். பெட்டியில் இருக்கும் 50 அதுதான். பாட்டு முழுக்க ஒலியை உச்சத்தில் தள்ளி, அலையின் தலையைச் சீவித் தட்டையாக்கினால் மட்டுமே அந்த 50 வரும். அப்படி வந்தால் கேட்பது பாட்டாக இருக்காது, இரைச்சலாக இருக்கும். தெளிவாகப் பாடும்போது அதே செட் ஒரு ஸ்பீக்கருக்குத் தருவது சுமார் 20 வாட்தான்.

ஐயோ, 20 வாட்தானா என்று மலைக்க வேண்டாம். இன்னும் பெரிய வியப்பு இருக்கிறது. நல்ல கார் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் போதும், ஒரு மீட்டர் தள்ளி 90 டெசிபல் ஒலி கேட்கும். வீட்டு மிக்ஸி ஓடும் சத்தத்துக்கு அது குறைந்ததல்ல. வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். சத்தம் இரண்டு மடங்கு ஆனதாகக் காது உணர வேண்டுமானால் வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும்! இதைவிட ஆச்சரியம், கொடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் ஒலியாகிறது. மீதி முழுக்கச் சூடாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. ஆகவே 'இது ஆயிரம் வாட் சார்' என்று யாராவது சொன்னால், அந்தக் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். புதுக் கார் வாங்கும்போதே போஸ், ஜே.பி.எல்., சோனி என்று பெயர் பொறித்த கம்பெனி செட்டோடு டாப் மாடலை வாங்குவதா, கீழ் மாடலை வாங்கி வெளியில் நல்ல செட் போட்டுக்கொள்வதா? இதற்கு விடை தேடிப் போனால் வழியெங்கும் அதிசயம்தான்!

கார் ஆடியோ பிறந்ததே 'வெளியில் போடும்' சரக்காகத்தான், தெரியுமா? 1930-இல் அமெரிக்காவில் பெரும்பாலான கார் கம்பெனிகள் ரேடியோ வைத்துக் காரை விற்கவில்லை. சிகாகோவில் பால் கால்வின் என்பவர் ஒரு சின்னக் கம்பெனி நடத்தினார். அந்த ஆண்டு ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்களின் மாநாடு நடந்தது. உள்ளே ஸ்டால் போட அவரிடம் வசதியில்லை. தன் ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்தி, சிகாகோவிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து, மாநாட்டு வாசலில் நிறுத்திப் பாட்டை ஒலிக்கவிட்டார். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள், ஆர்டர் கொடுத்தார்கள். அந்த ரேடியோவின் பெயர் மோட்டோரோலா! உங்கள் வீட்டில் ஒரு காலத்தில் செல்போனாக இருந்த அதே மோட்டோரோலாதான். விலை 110 முதல் 130 டாலர் வரை. அன்றைக்குச் சில நூறு டாலரில் ஒரு புதுக் காரே கிடைத்தது. இரண்டே ஆண்டில், 1932-இல், ஜெர்மனியில் பிளாபங்க்ட் ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோவைக் கொண்டுவந்தது. அதையும் பொருத்திக் காட்டியது ஒரு ஸ்டூடிபேக்கர் காரில்தான் என்பது என்ன பொருத்தம் பாருங்கள்!

'கம்பெனியே தரும் உயர்தரச் செட்' என்ற எண்ணத்துக்கும் ஒரு விசித்திரமான முன்னோடி உண்டு. 1956 மாடல் கிரைஸ்லர் கார்களில் இசைத்தட்டு பிளேயர் வந்தது! ஓடும் காரில், டேஷ்போர்டுக்குக் கீழே சுழலும் இசைத்தட்டு! நெடுநேரம் ஓடும் எல்.பி. தட்டை உருவாக்கிய பீட்டர் கோல்ட்மார்க்தான் இதையும் உருவாக்கினார். சின்னத் தட்டிலேயே நெடுநேரம் பாட, நிமிடத்துக்கு 16⅔ சுற்று மட்டுமே சுழலும் தனி ரகத் தட்டுகள் வேண்டும். அவற்றை வெளியிட்டது கொலம்பியா என்ற ஒரே கம்பெனி. பிடித்த பாடகர் வேறு கம்பெனியில் பாடியிருந்தால் போச்சு! சில ஆண்டுகளிலேயே அது மறைந்துபோனது. கார் கம்பெனி ஒரே வழியை மட்டும் திறந்துவைத்து மற்றதைப் பூட்டும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. இந்தப் பூட்டைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

இன்று நாம் அறிந்த கம்பெனி செட்டுக்கு வித்திட்டவரின் உடம்பில் ஓடியது இந்திய ரத்தம் என்பது தெரியுமா? அமர் கோபால் போஸ்! அவருடைய தந்தை வங்காளத்து விடுதலைப் போராட்ட வீரர். ஆங்கிலேயரிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர். 1929-இல் பிலடெல்பியாவில் பிறந்த மகன், எம்.ஐ.டி.யில் பேராசிரியராகி, 1964-இல் போஸ் கம்பெனியைத் தொடங்கினார். 1983 மாடல் காடிலாக் செவில் போன்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் அவர் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. அதுவரை ஸ்பீக்கரைத் தயாரித்துவிட்டு அதைக் காரில் எங்காவது பொருத்துவார்கள். போஸ் முதலில் காரை அளந்தார். கண்ணாடி எங்கே, சீட் எங்கே, ஓட்டுபவர் தலை எங்கே என்று பார்த்து, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்), தனிக் கூடு கொடுத்து, அந்தக் காருக்கென்றே ஒலியைச் செதுக்கினார். கம்பெனி செட்டின் உண்மையான பலம் இதுதான். ஸ்பீக்கர் மேல் இருக்கும் பெயரில் பலம் இல்லை. உங்கள் காரின் வடிவத்தைப் படித்து உட்கார்ந்து டியூன் செய்த அந்த உழைப்பில் இருக்கிறது.

அந்த போஸ் பெயரோடு வரும் கார்களில் ஒன்று நம் பக்கத்திலேயே தயாராகிறது! ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் ஹூண்டாய் கிரெட்டாவின் உயர் மாடல்களில் எட்டு ஸ்பீக்கர் போஸ் செட் இருக்கிறது. அங்கிருந்து வரும் டிரெய்லர் லாரிகளைத்தான் வாலாஜா டோல்கேட் பக்கம் பெங்களூரு சாலையில் நீங்கள் பார்க்கிறீர்கள். மஹிந்திரா எக்ஸ்யூவி 700-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டுக்கு முன்னால் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் ஆராய்ச்சி மையத்தில் உருவான கார் அது. செய்யாறு பக்கத்தில் மஹிந்திராவுக்கென்றே ஒரு பிரம்மாண்டமான சோதனை ஓடுதளம் இருப்பதாவது தெரியுமா? திமிரிக்காரர்களுக்கு அது உள்ளூர் மாதிரிதான்! 2021-இல் வந்த அந்தக் காரின் உச்ச மாடலில் 12 ஸ்பீக்கர் சோனி செட். அதில் சில ஸ்பீக்கர்கள் கூரையிலேயே பதித்திருக்கும், ஒலி தலைக்கு மேலிருந்தும் வரும்!

தலைக்கு மேல் ஒலி என்றதும் டால்பி அட்மாஸ் நினைவுக்கு வரும். அந்தத் தொழில்நுட்பத்தில் உலகின் முதல் படம் 2012 ஜூனில் வந்த பிக்ஸாரின் 'பிரேவ்'. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவின் முதல் அட்மாஸ் படம் வந்துவிட்டது. எது தெரியுமா? நம்ம ரஜினியின் 'சிவாஜி 3டி'! ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பர் 26-ஆம் தேதி, சென்னையில் மஹிந்திரா அறிமுகம் செய்த பி.இ. 6 மின்சாரக் காரில் 16 ஸ்பீக்கர் ஹர்மான் கார்டன் செட்டோடு அட்மாஸ் வந்து உட்கார்ந்தது. மஹிந்திராவின் மின்சாரக் கார்களுக்கு சீட் பெல்ட் எச்சரிக்கை, இண்டிகேட்டர் சத்தம் உட்பட 75-க்கும் மேற்பட்ட ஒலிகளை உருவாக்கித் தந்தவர் ஏ.ஆர். ரஹ்மான்! இண்டிகேட்டர் போட்டாலே ரஹ்மான் கேட்கும் கார், நினைத்துப் பாருங்கள்!

நம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கே ஒரு செய்தி இருக்கிறது. 2024 செப்டம்பர் 28-ஆம் தேதி பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு முதல்வர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினாரே, அங்கே ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்கள் தயாரிப்பதும் அந்தத் திட்டத்தில் இருந்தது. அந்தக் கார்களின் உயர்தரச் செட்டுக்குப் பெயர் மெரிடியன். 1977-இல் இங்கிலாந்தில் தொடங்கிய, வீட்டு ஆடியோ பிரியர்கள் மரியாதையோடு சொல்லும் பெயர் அது.

'ஜே.பி.எல். நல்லதா, ஹர்மான் கார்டன் நல்லதா, இன்ஃபினிட்டி நல்லதா?' என்று டீக்கடையில் சண்டை போடுகிறவர்களே, மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது தெரியுமா? மூன்றுக்கும் சொந்தக்காரர் ஹர்மான் கம்பெனி. அந்த ஹர்மானையே 2017-இல் 800 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது சாம்சங்! டாடா நெக்ஸானில் ஒலிக்கும் ஜே.பி.எல்.லும், தார் ராக்ஸில் ஒலிக்கும் ஹர்மான் கார்டனும், உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கேலக்ஸி போனும் கடைசியில் ஒரே முதலாளியிடம் போய்ச் சேர்கின்றன. பெயரைப் பார்த்து வாங்குவதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, உள்ளே உட்காருவோம். மூளையைக் கிறுகிறுக்க வைக்கும் விஷயமே இனிமேல்தான். நம் ஊரில் டிரைவர் சீட் வலப்பக்கம். வலக் கதவு ஸ்பீக்கர் கிட்டே, இடக் கதவு ஸ்பீக்கர் தள்ளி. வித்தியாசம் சுமார் 40 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் ஓடுகிறது. அப்படியானால் இடப்பக்க ஒலி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத் தாமதித்து வருகிறது. இது என்ன பெரிய தாமதம் என்று தோன்றும். ஆனால் மனிதக் காது இரண்டு பக்கத்துக்கும் இடையே நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடும்! அதனால்தான் எவ்வளவு விலை கொடுத்த செட்டாக இருந்தாலும், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் பாடகர் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் நின்று பாடுவது போல் இருக்கிறது.

இதற்கு மருந்து என்ன தெரியுமா? வலப்பக்க ஸ்பீக்கரை வேண்டுமென்றே அந்தக் கணக்கான நேரம் காக்கவைப்பது! 'டைம் அலைன்மென்ட்' என்று செட்டில் இருக்குமே, அது இதுதான். சரியாக அமைத்த நொடியில் பாடகர் எழுந்து டேஷ்போர்டின் நடுவில் வந்து நின்றுவிடுவார். முதல்முறை கேட்கிறவர்கள் அங்கே ஒரு ஸ்பீக்கர் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவார்கள். நல்ல கம்பெனி செட்டில் இந்தக் கணக்கை ஆலையிலேயே போட்டுவிடுகிறார்கள். வெளியில் போடும்போது டி.எஸ்.பி. என்ற ஒலி செயலி உள்ள செட்டோ ஆம்ப்போ வேண்டும், அதை அமைக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். செட் வாங்குவதைவிட இந்த ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம் என்பது என் கருத்து. ஸ்பீக்கரை மாட்டிவிட்டு, பேஸ், ட்ரெபிள் இரண்டையும் உச்சத்துக்குத் திருப்பி 'கேளுங்க சார்' என்கிற கடையில் பணத்தைக் கொடுக்காதீர்கள். மைக் வைத்து அளந்து, நீங்கள் உட்காரும் சீட்டிலேயே உட்கார்ந்து டியூன் செய்கிறவரிடம் போங்கள், சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு வரை போக வேண்டியிருந்தாலும் சரி.

தோல் தொழிலுக்குப் பெயர்போன நம் வட்டாரத்துக்காரர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும்: சீட் மேல் இருக்கும் தோல் உங்கள் பாட்டை மாற்றுகிறது, தெரியுமா? துணி சீட் ஓரளவு கூர்மையான ஒலிகளை, அதாவது சிம்பலின் சலசலப்பை, 'ஸ', 'ஷ' ஓசைகளை, உறிஞ்சிக்கொள்ளும். தோலும் ரெக்சினும் அவற்றை அதிகமாகத் திருப்பி அனுப்பும். ஒரே கார், ஒரே செட், துணி சீட்டில் மென்மையாகக் கேட்ட வயலின் தோல் சீட்டில் சற்றே கூர்மையாகக் கேட்கும். ஆலையில் தோல் சீட்டோடு டியூன் செய்த டாப் மாடலுக்கு இது கணக்கில் வந்துவிடும். துணி சீட்டோடு வாங்கி, பிறகு லெதர் கவர் தைத்தால் கணக்கு மாறிவிடும். எனவே சீட் கவரும் ஆடியோவும் ஒரே கடையில் போடுகிறீர்களா? முதலில் சீட் கவர், பிறகு ஆடியோ டியூனிங். வரிசை முக்கியம்!

இன்னொரு மாயம் கேளுங்கள். 40 ஹெர்ட்ஸ் ஓசையின் ஒரு அலை எவ்வளவு நீளம் தெரியுமா? எட்டரை மீட்டருக்கு மேல்! உங்கள் காரின் உள் நீளமோ மூன்று மீட்டர்கூட இருக்காது. அலை காரைவிடப் பெரிதாக இருக்கும்போது காருக்குள் இருக்கும் காற்று முழுவதையும் ஸ்பீக்கர் ஒரே நேரத்தில் அமுக்குகிறது, தளர்த்துகிறது. ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒலி தானாகவே பெருகிக்கொண்டே போகும். வீட்டு ஹாலில் பெரிய பெட்டி வைத்தாலும் கிடைக்காத உருமியின் உறுமல், காருக்குள் பேஸ் தரும் ஓர் எட்டங்குல ஊஃபரிலேயே கிடைப்பது இதனால்தான். டிக்கியை முழுக்க அடைக்கும் பெட்டி பெரும்பாலான குடும்பங்களுக்குத் தேவையே இல்லை. சீட்டுக்கு அடியில் போகும் மெல்லிய ஊஃபர் போதும். ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டையும் ஏறும், பாட்டும் கேட்கும்!

பலரும் கண்டுகொள்ளாத இன்னொரு இடம் கதவு. கீழ் மாடல் கார் ஒன்றின் டோர் பேடைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவை எடுத்து, ஓரத்தில் மெல்ல நெம்பினால் வெள்ளை கிளிப்புகள் ஒவ்வொன்றாக 'டக், டக்' என்று விடும். உள்ளே கறுப்புப் பசையால் ஒட்டிய ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதை உரித்தால் தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய பெரிய துளைகள். ஓரமாக, மூன்றோ நான்கோ ரிவெட் அடித்த, காகிதக் கூம்பு ஸ்பீக்கர். கையில் எடுத்தால் கனமே இருக்காது, பின்னால் இருக்கும் காந்தம் அவ்வளவு சிறியது. வெளிக் கதவுத் தகட்டை விரலால் தட்டினால் 'டொங்' என்று ஒலிக்கும். ஸ்பீக்கர் முன்னால் தள்ளும் காற்றுக்கு நேர் எதிராகப் பின்னால் இழுக்கும் காற்று அந்தத் துளைகள் வழியே வந்து இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பேஸ் எங்கே போனது என்று தேடினால், போனது அங்கேதான்!

அதே கதவில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி, ரோலரால் அழுத்தி, துளைகளை அடைத்துவிட்டு, கழற்றிய அதே கம்பெனி ஸ்பீக்கரையே திரும்ப மாட்டிக் கேளுங்கள். வேறு ஸ்பீக்கரா என்று கேட்பீர்கள்! தகட்டைத் தட்டினால் 'டொங்' போய் 'டப்' என்று வரும். கதவு சாத்தும் சத்தமே பெரிய கார் மாதிரி மாறிவிடும். இரண்டு முன் கதவுக்குச் செய்யும் இந்தச் செலவுதான் கார் ஆடியோவில் ரூபாய்க்கு ரூபாய் அதிகம் பலன் தருவது என்று அடித்துச் சொல்வேன். பின் கதவு ஸ்பீக்கர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முன்னால் உட்கார்ந்து கேட்பவருக்கு அவை பெரிதாக எதையும் கூட்டுவதில்லை.

காகிதக் கூம்பு என்றதும் முகம் சுளிக்காதீர்கள்! உலகின் விலையுயர்ந்த ஸ்பீக்கர்கள் பலவும் இன்றும் காகிதக் கூம்புதான் வைக்கின்றன. எடை குறைவு, விறைப்பு அதிகம், தேவையில்லாத அதிர்வைத் தானே விழுங்கிக்கொள்ளும். கீழ் மாடல் ஸ்பீக்கரின் குறை காகிதத்தில் இல்லை, சின்னக் காந்தத்திலும் மெலிந்த சட்டத்திலும் இருக்கிறது.

முன்பு சொன்ன பூட்டுக்கு வருவோம். ஒரு காலத்தில் டின் என்ற ஜெர்மானியத் தர அமைப்பு நல்ல காரியம் ஒன்று செய்தது. கார் செட்டின் முகப்பு 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்று தரம் வகுத்தது. அந்த ஒரு சின்னத் துளைதான் வெளியில் செட் விற்கும் தொழிலையே உலகம் முழுக்க வாழவைத்தது, தெரியுமா? மாருதி 800-இல் கழற்றிய செட் அம்பாசிடரிலும் போகும்! பிறகு அதன் இரு மடங்கு உயரம், டபுள் டின் வந்தது. இன்றைய கார்களில் அந்தத் துளையே இல்லை. டேஷ்போர்டு முழுக்க ஒரே திரை. ஏ.சி., ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பட்டன், பல கார்களில் எச்சரிக்கை மணிகூட அதே திரை வழியாகவோ அதே ஸ்பீக்கர் வழியாகவோதான் வருகின்றன. திரையைக் கழற்றினால் பாதிக் கார் ஊமையாகிவிடும்.

கம்பெனியின் உயர்தரச் செட்டில் இன்னொரு கண்ணியும் உண்டு. அவற்றில் பல ஸ்பீக்கர்கள் 4 ஓம் அல்ல, 2 ஓம், சிலவற்றில் அதற்கும் குறைவு. அந்த ஆம்ப்பையே வைத்துக்கொண்டு, கடையில் வாங்கிய விலையுயர்ந்த 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் சத்தம் கூடாது, குறையும்! பணமும் போய்ப் பாட்டும் மெலிந்து, 'கம்பெனிதான் ஏதோ செய்துவிட்டான்' என்று திட்டுவார்கள். அந்த ஆம்ப் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எந்த ஓசை போக வேண்டும் என்று பிரித்துவைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் மொத்தக் கணக்கும் குலையும்.

ஆகவே என் தீர்ப்பு இது. டாப் மாடலை ஆறு ஏர்பேக், கேமரா, சீட் என்று வேறு காரணங்களுக்காக எப்படியும் வாங்கப் போகிறீர்களா? கம்பெனி செட்டை அனுபவியுங்கள், கைவைக்காதீர்கள். பேஸ் போதவில்லை என்றால் ஒரு சீட்டடி ஊஃபர் மட்டும் சேருங்கள். பாட்டுக்காக மட்டும் மாடல் ஏறப் போகிறீர்களா? ஏறாதீர்கள்! எக்ஸ்யூவி 700 வந்த புதிதில் அந்த சோனி செட் தனியாகக் கிடைக்கவில்லை. 1.80 லட்சம் ரூபாய் 'லக்ஷுரி பேக்' எடுத்தால்தான் கிடைத்தது. அதில் 360 டிகிரி கேமரா, வயர்லெஸ் சார்ஜர் எல்லாம் சேர்ந்திருந்தது உண்மை. அவை வேண்டியவருக்கு அது நியாயமான விலை, பாட்டு மட்டும் வேண்டியவருக்கு அல்ல. முன் கதவு டேம்பிங், நல்ல காம்பொனென்ட் ஸ்பீக்கர், டி.எஸ்.பி. உள்ள சின்ன ஆம்ப், சீட்டடி ஊஃபர் என்று ஐம்பதாயிரத்தை ஒட்டிச் செலவழித்து, அக்கறையாக டியூன் செய்தால் பல கம்பெனி செட்டுகளைத் தாண்டிவிடலாம். திரையை மாற்ற வேண்டியதில்லை. திரையிலிருந்து கதவு ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியையே உள்வாங்கிச் சீர்செய்யும் ஆம்ப்புகள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. அடுத்த காருக்கு அந்த ஆம்ப்பையும் ஊஃபரையும் கழற்றிக்கொண்டு போகலாம் என்பது கூடுதல் லாபம். கம்பெனி செட்டோ காரோடு போய்விடும்.

ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் ஷூ கம்பெனிப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஓடும் வேன்களை நினைக்கும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவற்றில் பாட்டு இல்லாத வேன் அபூர்வம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் எத்தனை மணி நேரம் தெரியுமா? வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம்! வாரம் ஆறு நாளும் காலையும் மாலையும் ஸ்பீக்கர் பக்கத்திலேயே உட்காரும் டிரைவர் அண்ணனின் காது அதற்குள் எப்படி அடங்கும்? வேனுக்குச் செட் போடும் முதலாளிகள் வாட் தேடாமல் தெளிவு தேடினால், குறைந்த சத்தத்திலேயே கடைசி சீட் வரை வரி புரியும்.

கடைக்குப் போகும்போது ஒரு பிளேடு கொண்டு போங்கள்! விளையாட்டில்லை. ஆம்ப்புக்குப் பேட்டரியிலிருந்து இழுக்கும் தடித்த கேபிளின் நுனியில் ஒரு கம்பி இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாகவே இருந்தால் நல்ல செம்பு. வெள்ளையாகப் பளிச்சிட்டால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. அதே தடிமனில் அது குறைந்த மின்னோட்டத்தையே தாங்கும், சூடாகும். மோட்டோரோலா கால்வினைப் பற்றியே ஒரு கதை சொல்வார்கள். கடன் கேட்கப் போன இடத்தில், வங்கிக்காரரின் பேக்கார்டு காரில் ஆசையாக ரேடியோ மாட்டிக் கொடுத்தாராம். அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்துவிட்டதாம், கடனும் கிடைக்கவில்லையாம்!

நமக்கு அந்தக் கதி வேண்டாம். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆம்ப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் ஆம்ப்பைத்தான் காக்கும், நடுவில் ஓடும் கேபிளைக் காக்காது. ஒயரை வெட்டாமல் 'கப்ளர் டு கப்ளர்' இணைப்பு கேளுங்கள். பெரும்பாலான மாடல்களுக்குக் கிடைக்கிறது. வெட்டி முறுக்கி டேப் சுற்றிய ஒயர்தான் சர்வீஸ் சென்டரில் மின்சார வாரண்டியைக் காவு வாங்கும். போட்ட செட்டை இன்சூரன்ஸில் எழுதிவைக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது! ஆலையிலிருந்து வராத மின்சாரப் பொருளுக்கு அதன் மதிப்பில் 4 விழுக்காடு கூடுதல் பிரீமியம் என்று இந்திய மோட்டார் டாரிஃபில் ஏற்பாடே இருக்கிறது, ஐ.எம்.டி. 24 என்று அதற்குப் பெயர். 50,000 ரூபாய் செட்டுக்கு அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 2,000 ரூபாய். ஜி.எஸ்.டி. பில் இருந்தால்தான் இது நடக்கும். ஆகவே 'பில் இல்லாம போட்டா கம்மி சார்' என்று கடையில் சொன்னால், பில்லோடே போடச் சொல்லுங்கள்.